சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது

என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து வந்து நிற்பதால்தான் எனக்கு வேலை ஓடவில்லை என்று இருபத்தாறு வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆளை மட்டும் அப்புறப்படுத்திவிட்டால், மற்றவர்கள் வாரம் முழுக்கச் செய்வதை நான் செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிடுவேன். இதைச் சத்தியம் செய்துகூடச் சொல்லியிருப்பேன். சத்தியம் செய்து கொடுப்பதுதானே எங்கள் ஆபீசின் தொழில்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போ பழைய டவுனில், காப்பி விற்கும் ஒரு கொப்பிக் கடைக்கு மேல் மாடியில், ஒரு லாயர் ஆபீசில் நான் டைப் அடிக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. எனக்குப் பின்னால் வந்து நிற்கும் ஆள் பெரிய கிராணி. அவர் வருவதற்கு முன்னால் அவர் நெற்றியில் பூசிய தைலத்தின் வாசனை வரும். வாசனை வந்ததும் என் விரல்கள் ஓடும், வாசனை போனதும் கீழே யார் முட்டை ரொட்டி வாங்குகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஆனால் எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. அவர் வந்து நின்றுதான் என் கவனத்தைக் கெடுக்கிறார் என்று தோன்றியது.

அந்த வருஷம் ஆபீசின் கூரை ஒழுக ஆரம்பித்தது. கூரைத் தகடு மாற்றி முடிக்க மூன்று வாரம் ஆகும் என்றார் சீனத்து காண்ட்ராக்டர். லாயர் செட்டிநாட்டுக் குடும்பத்தில் வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். என்னை அழைத்து உட்கார வைத்தார்.

"தம்பி, அந்த நாப்பது பேரு பேப்பர் இருக்கில்ல. எல்லாம் உங்க தோட்டத்து ஆளுங்கதானே?"

"ஆமா சார்."

"இங்க எப்படியும் இடமில்ல. டைப்ரைட்டரத் தூக்கிக்கிட்டு அங்கேயே போங்க. ஆளுங்களும் பக்கத்துலேயே இருப்பாங்க, கேட்டு அடிச்சிடலாம். மூணு வாரம் முடிஞ்சதும் நான் சத்தியம் வாங்குற கமிஷனரக் கூட்டிக்கிட்டு வாரேன். கைநாட்டு வாங்கி ஒரே கட்டா அனுப்பிடலாம்."

"யாரு சார் பார்க்க வருவாங்க? நடுவுல?"

"யாரும் வரமாட்டாங்க. உங்க மேல நம்பிக்கை இருக்கு."

யாரும் வரமாட்டார்கள். படியில் இறங்கும்போது எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த நாற்பது பேப்பர் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சுங்காய் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே நாற்பது பேரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டை இருந்தால் குடிமக்கள். சிவப்பு என்றால், இதே மண்ணில் பிறந்து இதே மரத்தில் பால் எடுத்தாலும், வேலை செய்ய பெர்மிட் வேண்டும். அந்தப் பெர்மிட்டும் ஒரு முதலாளிக்கு மட்டும்தான் செல்லும். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. விற்றுவிட்டால் பழைய முதலாளி போவார், அவரோடு பெர்மிட்டும் போகும், பெர்மிட்டோடு வேலையும், வேலையோடு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடும். அதற்குள் நீலத்துக்கு எழுதிப் போட வேண்டும். நாற்பது பேரும் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள். அதனால் 'நான் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன், இன்னார் அதற்குச் சாட்சி' என்று ஆளுக்கொரு சத்தியக் கடிதம், மலாயில், நகல்களோடு.

அந்த நாற்பது பேரில் ஒருத்தி என் அக்கா.

அவள் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவள். அப்போது யார் போய்ப் பதிந்தார்கள். நான் பின்னால் பிறந்தேன், ஆஸ்பத்திரியில் பிறந்தேன், பத்திரம் இருந்தது, நீலம். ஒரே தாய் வயிறு, இரண்டு நிறம். அவள் கணவர் லாரி விபத்தில் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. லயத்து வீடு அவளுடைய வேலைக்காகக் கிடைத்த வீடு. அந்த வீட்டில் உட்கார்ந்து, அவளுடைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் நான் அந்த மூன்று வாரமும் உழைக்கப் போகிறேன்.

டைப்ரைட்டரை மரப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம், நாலு நாளில் முடிந்துவிடும், மீதி நாளில் பாகான் டத்தோ பக்கம் கூட்டாளி வீட்டுக்குப் போய் இளநீர் குடித்துவிட்டு வரலாம் என்று கம்பார் தாண்டும்போதே திட்டம் போட்டுவிட்டேன்.

முதல் நாள். அக்கா விடியுமுன்னே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளிகளோடு பெரட்டுக்குப் போனாள். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு நிரையாக மரத்துக்குள் போய்விடுவார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சைக்கிளில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தால் உண்டு. மற்றபடி அவளையும் யாரும் பார்ப்பதில்லை. இதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. நான் எழுந்தபோது மணி எட்டரை. மேசையைத் துடைத்தேன். தாள்களை அடுக்கினேன். கொப்பி கலக்கினேன். நாற்காலி ஒரு பக்கம் ஆடியது, அதன் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு முதல் கடிதத்தின் முதல் வரியை அடித்தபோது பசித்தது.

லயத்தில் ஒரு பழக்கம். பகலில் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை என்றால் ஒன்று அவனுக்குக் காய்ச்சல், இல்லை வேலை போய்விட்டது. இரண்டாம் நாளே ஆஸ்பத்திரி டிரசர் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள், எனக்கு ஒன்றுமில்லை, நான் சும்மாதான் இருக்கிறேன் என்று லயம் முடிவு செய்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா. ஒருத்தி மிளகாயை முற்றத்தில் காயப்போட்டு, "மழ வந்தா எடுத்து வச்சிருங்க தம்பி" என்றாள். இன்னொருத்தி பெனாங்கிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லி, பதிலும் எழுதச் சொன்னாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ஆயாவுக்கு உடம்பு முடியாத அன்று இரண்டு கைக்குழந்தைகள் என் மேசைக்கடியில் வந்து சேர்ந்தன.

மண்டோர் சைக்கிளை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னா கிராணியாரே, ஆயாவுக்கு ஆள் எடுக்குறாங்களாம். பேரு குடுக்கட்டா?"

"நான் ஆபீஸ் வேலை பாக்குறேன் அண்ணே."

"அப்படியா. நான் பாக்கும்போதெல்லாம் பால் புட்டிதான் தெரியுது."

பக்கத்து வீட்டு அக்காதான் எனக்கு வாய்த்த மேலதிகாரி. முழங்கால் வலியால் வேலையிலிருந்து நின்றவள், நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர், அதுவும் கூரை வரை போகாது. மேல் இடைவெளி வழியாகக் கருவாட்டு வாசனை வரும், குரலும் வரும்.

"தம்பி, என்னா சத்தத்தையே காணோம்? படுத்துட்டியா?"

"இல்லக்கா, யோசிக்கிறேன்."

"யோசிக்கிறதுக்குமா சம்பளம் குடுக்குறாங்க. பரவால்லையேலா உங்க ஆப்பீசு."

சாயங்காலம் என் அக்கா பால் நிறுத்துப் போட்டுவிட்டு வந்து குளித்ததும், இவள் வாசலில் நின்று அவளிடம் தினமும் ஒப்பிப்பாள். "இன்னைக்கு உன் தம்பி காலையில கொஞ்சம் அடிச்சான். அப்புறம் ஒண்ணுமே கேக்கல." அக்கா என்னைப் பார்ப்பாள். மீன் குழம்பை ஊற்றுவாள்.

பெரிய கிராணியிடம் தப்பி வந்தவனுக்கு ஒரு லயமே பெரிய கிராணியாகிவிட்டது. இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடித்தேன். பழைய தாளை மாட்டிக்கொண்டு வாய்க்கு வந்ததை அடிக்க ஆரம்பித்தேன். அடிக்க வேண்டும், அவ்வளவுதான், சத்தம் சுவரைத் தாண்டினால் போதும். மண்டோருடைய சைக்கிள் மேனேஜருக்கு எழுதும் ராஜினாமாக் கடிதம், இரண்டு பக்கம், 'எசமான், இவர் எடையை இனி என்னால் தாங்க முடியாது' என்று தமிழை ரோமன் எழுத்தில். சேவல் ஒன்று தன் மேல் போடப்பட்ட திருட்டு வழக்கை மறுத்துக் கொடுக்கும் வாக்குமூலம். அதிலும் ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க. பிரமாதமான சத்தம். நிற்காமல், தடுமாறாமல், மழை மாதிரி.

"இன்னைக்குப் பாரு, பேய் மாதிரி அடிச்சான்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. என் அக்காவின் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து நானும் பெருமைப்பட்டேன். உண்மையிலேயே வேலை செய்த களைப்புகூட இருந்தது. அதுதான் ஆச்சரியம். கை வலித்தது.

ஒன்றில் மட்டும் நான் சுறுசுறுப்பு. சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போய், எங்கே பிறந்தீர்கள், யார் பிரசவம் பார்த்தது, யார் சாட்சி என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். அது வேலையில்லை, அரட்டை. போகிற வீடெல்லாம் தேத்தண்ணி, பிஸ்கட். இரண்டாம் வாரம் முடிவதற்குள் முப்பத்தொன்பது பேர் விவரங்களும் நோட்டில் இருந்தன. அக்காவிடம் கேட்கவில்லை. வீட்டு ஆள்தானே, எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கு நான் எழுதாமல் யார் எழுதப் போகிறார்கள்.

ஒரு தடவை அவளே கேட்டாள். சோறு போட்டுக்கொண்டே, "என்னோடது எப்ப அடிக்கப் போற?"

"உன்னோடது கடைசிக்கா. நீ எங்க ஓடிப் போவப் போற."

சிரித்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. ஈப்போவிலிருந்து டெலிபோனாம். லாயருக்கு வரும் வாரம் முழுக்கக் கோர்ட்டாம். நாளைக்கு மத்தியானமே கமிஷனரோடு வருகிறாராம். பேப்பரெல்லாம் ரெடியாக இருக்கட்டுமாம்.

ரெடியாக இருந்தவை பதினொன்று.

பயம் வந்தால் மனிதன் ஓடுவான் என்பார்கள். நான் கூட்டினேன். துடைப்பத்தை எடுத்து வீட்டை மூலைமுடுக்கெல்லாம் பெருக்கினேன். டைப்ரைட்டரின் எழுத்துகளை ஊசியால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். இருபத்தொன்பதைப் பதினைந்து நிமிஷத்தால் பெருக்கிப் பார்த்தேன், பெருக்கல் தப்பாக இருக்கும் என்று மறுபடி பெருக்கினேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, வலது கையை உடைத்துக்கொள்வதா இடது கையா என்று யோசித்தேன். வலது என்றால் நம்புவார்கள், ஆனால் சாப்பிட முடியாது. இந்த வீட்டுக் கூரையும் ஒழுகி எல்லாத் தாளும் நனைந்துவிட்டதாகச் சொல்லலாம் என்று தோன்றி, மேலே பார்த்தேன். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை கிடையாது. முற்றத்தில் மிளகாய் அதற்குச் சாட்சியாகக் காய்ந்துகொண்டிருந்தது. இதிலெல்லாம் ஒரு மணி நேரம் போனது.

பிறகு அடித்தேன். அன்றுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நிஜமாக வேலை செய்தால் சத்தம் குறைவு. நோட்டைப் பார்க்க வேண்டும், பெயரை எழுத்துக் கூட்ட வேண்டும், மலாய்ச் சொல் சரியா என்று நிற்க வேண்டும், கார்பன் மாற்ற வேண்டும். நாலு தட்டு, ஒரு மௌனம்.

"என்னா தம்பி" என்றது சுவருக்கு மேலிருந்து. "மத்த நாளெல்லாம் நல்லா வேலை செஞ்ச. இன்னைக்கு ஏன் இப்படி சோம்பிக் கெடக்குற?"

இன்னொன்றும் தெரிந்தது. எழுத்து வெளுத்துக்கொண்டே வந்தது. ரிப்பனில் மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சிவப்பு. சைக்கிளின் ராஜினாமாவும் சேவலின் வாக்குமூலமும் என் கறுப்பைக் குடித்து முடித்திருந்தன. சுங்காயில் ரிப்பன் விற்கும் கடை கிடையாது, ஈப்போவுக்குப் போய் வந்தால் ஒரு நாள் போகும். ரிப்பனை முதலிலிருந்து சுற்றிவிட்டேன், ஒவ்வொரு எழுத்தையும் குத்துவது போல் அடித்தேன். வெளிச்சம் இருக்கும் வரை பதினேழு. வெள்ளி விடிந்ததும் மறுபடி. பதினொன்றரைக்கு முப்பத்தொன்பதாவதை உருவி எடுத்தேன். சாம்பல் நிறத்தில், வெயிலில் பிடித்தால்தான் படிக்கலாம். அடுத்த தாளை மாட்டும்போது கார் ஹாரன் கேட்டது.

பெரட்டுக் களத்தில், கூரைக்கடியில் மேசை போட்டிருந்தார்கள். அன்று மேனேஜர் வேலையை முன்னதாகவே முடிக்கச் சொல்லியிருந்தார். எல்லாரும் குளித்து வந்திருந்தார்கள். அக்கா கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் மாம்பழ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். ரப்பர் பால் கறை போக வலது கட்டைவிரலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தாள்போல, பக்கத்தில் போனதும் வாசனை வந்தது. கைநாட்டுத் தெளிவாக விழ வேண்டுமே.

லாயர் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, எழுத்து இவ்வளவு மங்கலா இருக்கு?"

"ரிப்பன் பழசு சார்."

"வரும்போது புதுசா மாட்டிக் குடுத்ததா பெரிய கிராணி சொன்னாரே." தாளைக் கமிஷனரிடம் நீட்டினார். கமிஷனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சரி, படிக்க முடிகிறது என்று தலையாட்டினார். பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய் விரலை மையில் வைத்து உருட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று தாளை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வரிசையில் நின்றாள். ஒவ்வொரு பேருக்கும் ஓர் அடி முன்னால் வந்தாள். கடைசியில் அவள் மட்டும் நின்றாள்.

"முப்பத்தொம்பதுதான் இருக்கு" என்றார் லாயர். "ஒண்ணு எங்க?"

"அது... எங்க அக்காவோடது சார்."

"அக்காவோடதா? அதத்தான் மொதல்ல அடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இப்பவே அடிச்சிடுறேன் சார். கால் மணி நேரம். கறுப்பு இல்ல, சிவப்புல வேணும்னா..."

கமிஷனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சிவப்புல அடிச்சா எடுக்கமாட்டாங்க. தாப்பாவுல இன்னொரு தோட்டத்து ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, மணியாச்சு."

"பரவால்ல" என்றார் லாயர், அக்காவைப் பார்த்து, மரியாதையாக. "அடுத்த கட்டுல சேத்துக்கலாம்மா. கவலப்படாதீங்க."

அக்கா, "சரிங்க ஐயா" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் முன்னால் போனாள். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் செய்துகொண்டே பின்னால் போனேன். ரிப்பன், லாயர் நாள் மாற்றியது, மிளகாய், கைக்குழந்தைகள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள்தான் பேசினாள்.

"எல்லா வீட்டுக்கும் போயி, எங்க பொறந்தீங்க, எங்க பொறந்தீங்கன்னு கேட்டியே. என்னைய ஒரு நாளு கேட்டியா?"

நான் என் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா" என்றாள். சேலையை மாற்ற உள்ளே போய்விட்டாள்.

இதோடு விட்டிருந்தால்கூட என்னை ஏதோ மனிதன் என்று சொல்லலாம். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலிருந்து, "ஏன்லா, அவ பேரு மட்டும் ஏன் கூப்பிடல?" என்றாள். "அக்கா கேஸ்ல கொஞ்சம் சந்தேகம் இருக்குக்கா, இன்னும் விசாரிக்கணுமாம்" என்று சொன்னேன். வாய் தானாகச் சொல்லியது, டைப்ரைட்டர் மாதிரி, தடுமாறாமல். அக்கா அடுப்பங்கரையில் இருந்தாள். அவள் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு லயத்தில் யார் கேட்டாலும், "ஆமா, என்னோடதுல என்னமோ சிக்கலாம், சூசாவாம்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அந்தப் பொய்யை இன்று வரை நான் திருத்தவில்லை. அந்த ஆட்களில் பலரை இப்போதும் ஈப்போ பஸ் ஸ்டேஷனில் பார்க்கிறேன். "அக்காவுக்கு அப்போ என்னா சந்தேகம் தம்பி?" என்று கேட்டால் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.

எனக்கு இப்போது நாற்பது நடக்கிறது. அதே ஆபீசில் நான்தான் பெரிய கிராணி. போன மாதம், ஆபீசில் டைப் அடிக்கும் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பைலை வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கொண்டு போகச் சொன்னேன். சரியாகச் செய்துகொண்டு வந்தாள், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே. ஆக, வீட்டின் மேலும் பழி போட முடியாது. அக்காவும் இருபது வருஷம் யாரும் பார்க்காத நிரையில்தான் தனியாக நின்று மரம் சீவிப் பால் எடுத்தாள். ஒரு மரத்தில்கூட பட்டையைக் காயப்படுத்தியதாக மண்டோர் சொன்னது கிடையாது. நான் மட்டும்தான் அப்படி.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை, கூரை மாற்றிய ஆபீசில், அக்காவின் கடிதத்தை அடித்தேன். புது ரிப்பன். பெரிய கிராணி பின்னால் நின்றார். பதினான்கு நிமிஷம் ஆனது.

அது அடுத்த கட்டோடு தாமதமாகப் போய், அங்கே வரிசையில் பின்னால் நின்றது. முதல் கட்டில் போனவர்களுக்கு மறு வருஷத் தீபாவளிக்குள் அழைப்பு வந்து, பெரும்பாலோருக்கு நீல அட்டை கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் தோட்டத்தை விற்றார்கள். நீல அட்டைக்காரர்களைப் புது ஆட்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அக்காவின் பெர்மிட் செல்லாது என்றார்கள். லயத்து வீட்டைக் காலி செய்தாள். ஈப்போவுக்கு என்னோடு வரச் சொன்னேன், "உன் ரூம்புல ஆறு பேரு ஆம்பளைங்க, நான் எங்க படுக்க" என்றாள். சுங்காய் டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்து, மூன்று வீடுகளில் துணி துவைத்தாள். நீல அட்டை கைக்கு வந்தபோது, முதல் கட்டு போன நாளிலிருந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.